கரண்டிமூக்கு உள்ளான்: படிவத்துடன் இணைப்பு

நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இதை அடக்கத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனால் அடக்கத்தோடு சொல்லும் அளவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மனித குலத்துக்குக் கண் வந்த நாளிலிருந்து இந்தத் தகுதி உள்ளவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எவ்வளவு தாராளமாகப் போட்டும் நான்கு பேருக்கு மேல் வரவில்லை. மற்ற மூவர் யார் என்று தெரியவில்லை.

டாக்டரம்மா, உங்கள் அரிய பறவைப் படிவத்தில் ‘எப்படிப் பார்த்தீர்கள், விவரிக்கவும்’ என்ற கேள்விக்கு இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறீர்கள். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. எனக்கு இடம் போதவில்லை. எதையும் விடக்கூடாது, வெளிச்சம் எப்படி, தூரம் எவ்வளவு, பக்கத்தில் யார், மனதில் சந்தேகம் வந்ததா, எல்லாம் எழுத வேண்டும் என்று நீங்கள் எப்போதும் சொல்வீர்கள். அப்படியே எழுதுகிறேன்.

இந்தப் படிவம் உங்களைத் தாண்டி, எங்களைத் தெரியாத இரண்டு பேரின் மேசைக்கும் போகும் என்பதால் ஆட்களை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். டாக்டரம்மா பல் மருத்துவர். வாரம் ஆறு நாள் பல் பார்ப்பவர், ஏழாவது நாள் பல்லே இல்லாத பிராணிகளைப் பார்க்க வருவதை ஓய்வு என்று நாங்கள் புரிந்துகொண்டோம். எந்தப் பறவையைக் காட்டினாலும் முதலில் அலகைத்தான் பார்ப்பார். அடுத்தவர் தபால்காரர். ஓய்வு பெற்றவர், எங்கள் குழுவிலேயே நல்ல மனிதர். எனக்கு அவரிடம் கிடைத்த ஒரே குறையும் அதுதான். பிறகு நானும் பிளாஸ்டிக்கும். கல்லூரியில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

எங்கள் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. அரிய பறவையை ஒருவர் மட்டும் பார்த்தால் அது பறவை இல்லை. இரண்டாம் சாட்சி கையெழுத்துப் போட்டால்தான் அதற்குச் சிறகு முளைக்கும். நல்ல சட்டம். இதைத் தபால்காரர் ஒரே ஒருமுறை மீறினார். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால், யாரும் இல்லாத நேரத்தில் ஒரு கருநாரையைப் பார்த்துவிட்டுப் படிவத்தைக் கொண்டுவந்தார். இரண்டாம் சாட்சி என்ற இடத்தில் ‘மனைவி (காலமானவர்)’ என்று எழுதியிருந்தார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவர், “அவளும் பார்த்தா தம்பி” என்றார்.

கல்லூரித் தகவல் பலகையில் திங்கள்தோறும் நான் எழுதி ஒட்டும் பக்கத்தில் இதை இரண்டு வாரம் ஓட்டினேன். இறந்தவர்தான் சிறந்த சாட்சி; குறுக்கு விசாரணைக்கு வரமாட்டார், பேச்சு மாற மாட்டார், பயணப்படியும் கேட்க மாட்டார் என்று எழுதியிருந்தேன். கூட்டம் கூடி நின்று படித்தது. தபால்காரரும் படித்துவிட்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்.

இனி பிளாஸ்டிக். அந்தப் பெயர் அவனுக்கு இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் கிடைத்தது. உப்பங்கழியில் நாற்பது நிமிடம் அசையாமல் நிற்கும் ஓர் அரிய வெள்ளைக் கொக்கைக் கண்டுபிடித்துவிட்டதாக எல்லோருக்கும் போன் போட்டான். வேனில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அசையாமல்தான் நின்றது. கம்பில் மாட்டிய பிளாஸ்டிக் பைக்கு அசைய வேண்டிய அவசியம் என்ன. காற்று வந்தபோதுதான் அது தலைகீழாகத் தொங்குகிறது என்பதே தெரிந்தது. அவனுக்குப் பெயர் வைக்க எனக்குப் பதினோரு விநாடி ஆனது. அது என் வேகத்துக்கு மெதுவுதான். அதன்பிறகு பதினான்கு வாரம் தகவல் பலகையில் ‘பிளாஸ்டிக் பார்த்தவை’ வெளிவந்தது. ஆசிரியர்கள்கூட வருகைப் பதிவில் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். கேன்டீனில் என்னைப் பார்த்தால் மாணவர்கள் இடம் விட்டுக் கொடுத்தார்கள்.

பாவம், அவன் கோபப்படவே இல்லை. உங்களிடம் மட்டும் ஒருநாள் கேட்டிருக்கிறான், இந்தப் பெயர் போக என்ன வழி என்று. “நிஜமா ஒண்ணைப் பாரு. சாட்சியோட பாரு. போயிடும்” என்று சொன்னீர்கள். அது அவன் மனதில் தங்கிவிட்டது. அதன்பிறகு அவன் ஒரு ஞாயிறுகூட விடவில்லை. அவன் அக்கா ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்ப்பவர், அவனுக்கென்று கேமராவே வாங்கிக் கொடுத்தார். பெயரை அழிக்கத்தான் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். அதனால் கொஞ்சம் யோசனையாக இருந்தேன். நகைச்சுவை எழுதாதவர்களுக்கு இது புரியாது. ஓர் ஆளை எப்போதும் தவறாகவே சொல்பவன் என்று கட்டி எழுப்ப மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. அவன் ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால் போதும். அப்புறம் அவன் வெறும் ஆள். நானும்தான்.

பறவைக் கணக்கெடுப்பு நாளுக்கு வருகிறேன். குளிர் நன்றாக இருந்தது. வெயில் கடமைக்கு எட்டிப் பார்த்துவிட்டு, மேகத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. நீங்களும் தபால்காரரும் கரையோரம் நடந்து, அரை கிலோமீட்டர் தள்ளி வளைவில் இருக்கும் மதகுக்குப் போனீர்கள். கடற்பறவைகள் அங்கேதான் கூட்டமாக உட்காரும். நானும் பிளாஸ்டிக்கும் பழைய படகுத்துறையின் சிமெண்ட் மேடையில் ஸ்கோப்பை, அதாவது முக்காலித் தொலைநோக்கியை, நிறுத்தினோம். எங்கள் முன்னால் ஓர் ஓடை, அப்போது கணுக்கால் தண்ணீர். ஓடைக்கு அந்தப் பக்கம் சேற்றுத் திட்டு, அதற்கும் அப்பால் கடல்.

அன்று கடல் அட்டையும் விசிலும் என் கழுத்தில் தொங்கின. இதை மற்ற இரண்டு மேசைக்காரர்களுக்காக விளக்க வேண்டும். அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு முழுதாக ஏறும் என்று அட்டையில் அச்சடித்திருக்கும். ஆனால் அந்த நேரத்தை நாங்கள் வாயால் சொல்வதே இல்லை. ஏனென்றால் தண்ணீர் கடல் பக்கமிருந்து ஒழுங்காக, முன்னால் வந்து சொல்லிவிட்டு ஏறுவதில்லை. ஒன்றரை மணி நேரம் முன்பே ஓடை வழியாகப் பின்னால் வந்து நிரம்பிவிடும். திட்டில் நிற்பவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார், கரைக்கு வரும் வழி முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். அதனால் யாராவது ‘எத்தனை மணி’ என்று கேட்டால், அட்டை வைத்திருப்பவர் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துவிட்டு, திரும்பும் நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். அது எங்கள் குழுவில் எழுதாத பழக்கம். கேட்பவர் அந்த எண்ணை அப்படியே நம்புவார். கழித்துப் பார்க்க மாட்டார். ஏற்கெனவே கழித்தாகிவிட்டது என்று அவருக்குத் தெரியும்.

அன்று அட்டையில் மூன்று மணி. திரும்பும் நேரம் ஒன்றரை.

பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும். பிளாஸ்டிக் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“மச்சான், பேசாம வா. அந்தத் தனிக் கம்புலருந்து இடப்பக்கம், நாலு விரல் தள்ளி. அசையாம பாரு.”

“கம்புல மாட்டியிருக்கா?”

அவன் சிரிக்கவில்லை. நான் பார்த்தேன்.

இனி வருவதுதான் படிவத்துக்கு முக்கியம், கவனமாகப் படிக்கவும். சேற்றில் மேயும் குருவியளவுக் கரைப்பறவைகளான கொசு உள்ளான்கள் இருநூற்றுக்கு நடுவில் ஒன்று. அதே அளவு, கொஞ்சம் வெளுப்பு, நெற்றி நல்ல வெள்ளை. மற்றவை தையல் ஊசி மாதிரிக் குத்திக் குத்தித் தின்றன. இது தலையைக் குனிந்தபடி இடம் வலம் துழாவியது. பக்கவாட்டில் பார்த்தால் அலகில் பெரிய வித்தியாசம் தெரியாது, அது உங்களுக்கே தெரியும். பிறகு அது நேராக என் பக்கம் திரும்பியது. அலகின் நுனி இரண்டு பக்கமும் விரிந்து, பொம்மைக் கரண்டி மாதிரி இருந்தது. ஒன்பது விநாடி. வெளிச்சம் எனக்குப் பின்னாலிருந்து. தூரம் நூற்று முப்பது மீட்டர். மனதில் சந்தேகம் வந்ததா: இல்லை.

“தெரியுதா?” என்றான்.

“தெரியுது. கொசு உள்ளான்.”

“அலகைப் பாருடா.”

“சேறு ஒட்டியிருக்கு. கழுவிட்டு வரச் சொல்லு.”

உள்ளான்களின் அலகில் சேறு கட்டிக்கொண்டால் தூரத்திலிருந்து கரண்டி மாதிரித்தான் தெரியும். இதில் ஏமாந்தவர்கள் நிறைய. அதனால் என் பதில் மிக நியாயமான பதில். அவனால் மறுக்க முடியவில்லை. மறுபடி பார்த்தான். மறுபடி என்னைப் பார்க்கச் சொன்னான். நான் மறுபடி பார்த்தேன். அது தலையைத் தூக்கி, மறுபடியும், உங்கள் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்தது போல, வாயைக் காட்டியது.

“சத்தியமா நீ பார்க்கலையா?”

“பார்க்கலை.”

மேலே முதல் வரியில் சொன்னதை இங்கே நினைவூட்டுகிறேன். நான் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னதில்லை. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னதைப் பற்றி நான் எந்த உறுதியும் தரவில்லை.

அவன் ஸ்கோப்பின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “நீ பார்த்தேன்னு மட்டும் சொல்லு மச்சான். போதும். அதுக்கப்புறம் நீ பலகையில என்ன வேணா எழுது. நானே பசை கொண்டு வரேன்.”

இப்போது எழுதும்போது அது ஒரு நல்ல பேரம் என்றே படுகிறது. அன்று, என்னிடம் கெஞ்சுகிற ஒருவனைப் பற்றிப் பதினைந்தாவது வாரம் எப்படி ஆரம்பிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொன்னேன்: “கிட்ட போய்ப் படம் எடுத்துட்டு வா. படத்துல இருந்தா கையெழுத்துப் போடறேன்.”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. ரப்பர் பூட்ஸை மாட்டினான். கேமராவைத் தண்ணீர் புகாத பையோடு கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடையில் காலை வைத்தவன் திரும்பிப் பார்த்தான்.

“எத்தனை மணி?”

“மூணு.”

கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு இருபது. “யப்பா, நிறைய நேரம் இருக்கு” என்றான். “டீயை முடிச்சிடாத, வந்து குடிக்கறேன்.”

சேற்றில் நூற்று முப்பது மீட்டர் என்பது தெருவில் நடப்பது போல இல்லை. பறவை பயந்துவிடக்கூடாது என்று பத்தடி நடப்பான், உட்காருவான், ஐந்து நிமிடம் கல்லாவான், மறுபடி பத்தடி. நல்ல முறையாகத்தான் போனான். இதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். ஒரு மணிக்கு அவன் பாதி தூரம் தாண்டியிருந்தான். ஒன்றேகாலுக்கு ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ஒன்றரைக்கு, அட்டைக்காரர் மூன்று முறை விசில் ஊத வேண்டிய நேரத்துக்கு, ஓடை இடுப்பளவு. விசில் என் கையில்தான் இருந்தது. அதை வாயருகே கொண்டுபோகவும் செய்தேன்.

ஆனால் ஒன்றிலிருந்து இரண்டு வரை எண்ணும் நேரம். எண்ணும் நேரத்தில் சத்தம் கூடாது என்று நீங்களே எழுதிய விதி இருக்கிறது. ஒரு விசிலுக்கு நாலாயிரம் பறவை எழும்பிவிடும். நீங்களும் தபால்காரரும் வளைவில் எண்ணியதெல்லாம் வீண். அந்த விதியில் விதிவிலக்கு எதுவும் எழுதப்படவில்லை. எழுதியிருக்கலாம். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, அடுத்த பதிப்புக்கு ஒரு யோசனை.

ஒன்றே முக்காலுக்கு அவன் எழுந்து நின்றான். ஸ்கோப்பில் அவன் முகம் என் முகத்துக்கு முன்னால் இருந்தது. கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, பல் தெரியச் சிரித்தான். எடுத்துவிட்டான். பிறகு கையை நீட்டிப் பறவையைக் காட்டினான். தண்ணீர் ஏற ஏற உள்ளான்கள் கரைப் பக்கமாகத் தள்ளி வந்துகொண்டிருந்தன. அது அவனுக்கும் எனக்கும் நடுவில், எண்பது மீட்டரில், துழாவிக்கொண்டே வந்தது. அன்று எனக்குக் கிடைத்த மிக நல்ல காட்சி அதுதான். படிவத்தில் தூரம் என்ற இடத்தில் இரண்டையும் குறித்திருக்கிறேன்.

அப்போதுதான் அவன் ஓடையைப் பார்த்தான்.

பறவையைக் காட்டியது முதல் சைகை. இரண்டாவது சைகையில் இரண்டு கையையும் ஆட்டினான். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை என்று காவல் அதிகாரியிடம் சொன்னேன். எல்லோருக்கும் தெரிந்த பொருள்தான். நானும் கையை ஆட்டினேன். ஒரு மரியாதைக்கு.

ஓடி வரப் பார்த்தான். பூட்ஸ் வரவில்லை. ஒன்றைக் கழற்றினான், இன்னொன்று கழலவில்லை. கேமராப் பையை மட்டும் கடைசிவரை தலைக்கு மேலேயே பிடித்திருந்தான். நான் இரண்டு மணி அடித்தபிறகு விசில் ஊதினேன். அப்போது விதி தடுக்கவில்லை. பறவைகள் எல்லாம் ஒரே புகையாக எழும்பின. நீங்களும் தபால்காரரும் ஓடி வந்தீர்கள். தபால்காரர் செருப்போடு அப்படியே தண்ணீரில் இறங்கினார், நான்தான் பிடித்து நிறுத்தினேன். அந்த முதியவரின் உயிரை நான் காப்பாற்றினேன் என்று செய்தித்தாளில் இரண்டு வரி வந்தது. நான் சொல்லிப் போடவில்லை.

வலை இழுப்பவர்கள் மறுநாள் காலை அவனைக் கொண்டுவந்தார்கள்.

காவல் அதிகாரி அன்பாக விசாரித்தார். கடல் எத்தனை மணிக்கு என்று உன் நண்பனிடம் சொன்னாயா என்றார். மூன்று என்று சொன்னேன் என்றேன். அட்டையை வாங்கிப் பார்த்தார். மூன்று என்றுதான் இருந்தது. என் தோளில் தட்டிக் கொடுத்தார். திரும்பும் நேரம் என்று ஒன்று உண்டா என அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டிருக்கலாம், டாக்டரம்மா. நீங்கள் அன்று அழுதுகொண்டிருந்தீர்கள்.

இரண்டு வாரம் கழித்து அவன் அக்கா என் வகுப்புக்கு வெளியே வந்து நின்றார். வேலை உடுப்பிலேயே வந்திருந்தார். ஒரு சின்னக் காகிதத்தைப் பிரித்துக் கேமராவின் மெமரி கார்டை எடுத்தார். பைக்குள் தண்ணீர் போகவே இல்லையாம்.

“இருநூத்திப் பன்னெண்டு படம் இருக்கு தம்பி. எனக்கு எல்லாம் சேறாத்தான் தெரியுது. அவன் சொன்னது இதுல இருக்கா? நீ பார்த்துச் சொன்னா போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

கணினி அறையில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நூற்று எண்பத்தேழாவது படத்தில் அது நேராகக் கேமராவைப் பார்த்து நிற்கிறது. கண்ணின் ஓரத்தில் இருக்கும் வெளிச்சப் புள்ளிகூடத் தெரிகிறது. கரண்டியில் சேறு இல்லை, கழுவி வைத்த மாதிரி இருக்கிறது. அக்கா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லக்கா” என்றேன். “எல்லாம் சாதாரண உள்ளான்.”

அவர் தலையசைத்தார். பரவாயில்லை, அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்றார். கார்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். அவர் போகுமுன் நான் அந்த ஒரு படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அன்று நான் இன்னும் நகைச்சுவையைக் காப்பாற்றலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மறுவாரமே தகவல் பலகைப் பொறுப்பாசிரியர் கூப்பிட்டு, இறந்தவரைக் கிண்டல் செய்வது முறையல்ல, ‘பிளாஸ்டிக் பார்த்தவை’யை நிறுத்திவிடு என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆக, எதற்காக இவ்வளவும் செய்தேனோ அது கையை விட்டுப் போனது. மிச்சம் இருப்பது பறவை.

இந்த மாதக் கடைசியோடு குளிர்காலப் பதிவு முடிகிறது. அதற்குள் படிவம் வந்தால்தான் என் பட்டியலில் இருநூற்றுப் பதினாறாவது பறவையாகச் சேரும். பிந்தினால் அடுத்த குளிர்காலம்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் யார் எங்கே இருப்போம் என்று சொல்ல முடியாது. இத்தனையும் ஒளிக்காமல் எழுதியது அதனால்தான். எண்பது மீட்டரில், அவ்வளவு நேரம், அவ்வளவு தெளிவாக நான் எப்படிப் பார்த்தேன் என்பதற்கு வேறு விளக்கம் கொடுத்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பறவை ஏன் கிட்டே வந்தது? தண்ணீர் ஏறியது. தண்ணீர் ஏறியபோது நான் ஏன் ஸ்கோப்பை விட்டு எழவில்லை? மேலே சொன்னதுதான். ஒன்றரை என்று சொல்லியிருந்தால் அவன் இன்று வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அது தெரிந்துதான் மூன்று என்று சொன்னேன். ஊதியிருந்தாலும் வந்திருப்பான். அது தெரிந்துதான் ஊதவில்லை. இதன் ஒரு பிரதியைக் காவல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அனுப்பலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. முதலில் பதிவை ஏற்றுக்கொண்டு முத்திரை வைத்துவிட்டு அனுப்பவும்.

படம் இணைத்திருக்கிறேன். எடுத்தவர் பெயரில் என் பெயரைப் போடவில்லை. நான் எடுக்காததை எடுத்தேன் என்று சொல்கிறவன் இல்லை நான்.

ஒரே ஓர் இடம்தான் பாக்கி இருந்தது. இரண்டாம் சாட்சி. சட்டப்படி அது இல்லாமல் செல்லாது. இந்தத் தாளை எழுதி முடித்தபிறகும் ரொம்ப நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் பெயரை எழுதினேன். பிளாஸ்டிக் என்று இல்லை, அவன் அக்கா கூப்பிடும் பெயரை. பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, ‘காலமானவர்’ என்று எழுதினேன். யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று கீழே பென்சிலால் ஒரு வரியும் எழுதி வைத்திருக்கிறேன்.

அவனும் பார்த்தான்.